ஓடாத 'ரன்'களைப் பிடிப்பது எப்படி?

'ஷி ரன்ஸ் எ ஸ்கூல்' என்பதை 'அவர் ஒரு பள்ளியை ஓட்டுகிறார்' என்று எழுதினால் இலக்கணம் ஒன்றும் சொல்லாது. ஆனால் படிப்பவர் மனத்தில் பிள்ளைகள் குறைந்து, ஆசிரியர் சம்பளம் பாக்கி விழுந்து, எப்படியோ காலம் தள்ளும் ஒரு பள்ளிக்கூடம்தான் வரும். ஆங்கில வாக்கியத்தில் அந்தப் பரிதாபம் எதுவும் இல்லை. அவர் பள்ளி நடத்துகிறார், அவ்வளவுதான். 'ரன்' என்ற சொல் ஆளைக் கவிழ்ப்பது இப்படித்தான். தெரியாத சொல் என்றால் அகராதியைப் புரட்டுவோம். இது பள்ளியில் முதன்முதலாகப் படித்த பத்து வினைகளில் ஒன்று என்பதால் புரட்டத் தோன்றுவதில்லை.

புரட்டினாலும் மலைப்புதான் மிஞ்சும். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் பொருள் எண்ணிக்கையில் முதலிடம் 'செட்' என்ற சொல்லுக்கு. வினையாக மட்டும் 430 பொருள். 2011இல் திருத்திய பதிவில் 'ரன்' அதை முந்திவிட்டது: வினையாக மட்டும் 645. அந்த ஒரு சொல்லுக்காகப் பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் ஒன்பது மாதம் செலவிட்டார். 645ஐயும் யாரும் மனப்பாடம் செய்ய வேண்டாம். வாக்கியத்திடம் மூன்று கேள்வி கேட்டால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். ரன்னுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருவது என்ன? செயப்படுபொருள் உண்டா? ஓடுவதாகச் சொல்லப்படுவது எது? இந்த வரிசையில்தான் கேட்க வேண்டும். பலர் மூன்றாவதில் தொடங்கி வழுக்குகிறார்கள்.

முதலில் பின்னால் பாருங்கள்

அவுட், இன்டு, டவுன், ஓவர், பை, த்ரூ, அப் போன்ற குட்டிச்சொல் ஒன்று பின்னால் நின்றால் ஓட்டத்தை மறந்துவிடலாம். அந்த இரண்டும் சேர்ந்து வேறொரு வினை.

'வி ரேன் அவுட் ஆஃப் மில்க்' என்றால் பால் தீர்ந்துவிட்டது. தமிழில் எழுவாய் மாறிவிடுவதைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் 'நாங்கள்' செய்த காரியம், தமிழில் பாலுக்கு நேர்ந்தது. 'நாங்கள்' என்று தொடங்கி இதை எழுத முயன்றால் வாக்கியம் நொண்டும். இதில் 'ஆஃப்' இருந்த இடத்தில் 'ஆன்' வந்தால் கதையே வேறு: 'ஹி ரேன் அவுட் ஆன் ஹிஸ் ஃபேமிலி' என்றால் குடும்பத்தை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போய்விட்டான்.

'ரன் இன்டு' நான்கு வேலை செய்யும். வண்டி சுவரில் மோதியது, கடைத்தெருவில் பழைய சிநேகிதர் எதிர்ப்பட்டார், வேலை சிக்கலில் மாட்டியது, செலவு கோடிக்கணக்கில் போனது ஆகிய நான்குக்கும் இதே சொல்தான். எது என்பதைப் பின்னால் வரும் பெயர் சொல்லும்: கெட்டிப்பொருள் என்றால் மோதல், ஆள் என்றால் சந்திப்பு, தொல்லை என்றால் மாட்டிக்கொள்வது, எண் என்றால் தொகை. ஒரே ஒரு இடத்தில் எச்சரிக்கை. எழுவாய் ஆளாக இல்லாமல் வண்டியாக இருந்தால், பின்னால் ஆள் வந்தாலும் அது சந்திப்பு அல்ல, விபத்து. 'ஐ ரேன் இன்டு யுவர் அங்கிள்' என்று பைக்கில் வந்தவர் சொன்னால் கொஞ்சம் விசாரித்துக்கொள்வது நல்லது.

'ரன் டவுன்' இன்னும் தொல்லை பிடித்தது. பேட்டரியோடு வந்தால் சார்ஜ் இறங்கிவிட்டது. வண்டியோடு வந்தால் ஆளை அடித்துப் போட்டது. பேச்சோடு வந்தால் மட்டம் தட்டுவது. இரண்டும் சேர்ந்து பெயரடையாக வரும்போது, கட்டடத்தைச் சொன்னால் பாழடைந்தது, மனிதரைச் சொன்னால் உடம்பு ஓய்ந்துபோயிருக்கிறார். மருத்துவமனைக் குறிப்பில் 'ஃபீலிங் ரன் டவுன்' என்று கண்டால் 'அசதியாக இருக்கிறது' என்பதே சரி. விபத்துப் பிரிவுக்கு அனுப்பிவிட வேண்டாம்.

'ரன் ஓவர்' என்பதும் இரட்டை. லாரி நாயின் மேல் ஏறியது ஒன்று. கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டி நீண்டது மற்றொன்று. 'ரன் த்ரூ' பெரும்பாலும் ஒருமுறை பார்த்துவிடுவது, அதாவது பட்டியலை மேலிருந்து கீழே படிப்பதோ நாடகத்தை ஒத்திகை பார்ப்பதோ. வாள் கையில் இருந்தால் மட்டும் ஊடுருவக் குத்துவது. 'ரன் அப்' கடனோடு வரும்: 'ரேன் அப் எ பில்' என்றால் பாக்கியை ஏற்றிவைத்தார். பள்ளிக்கூடமோ அலுவலகமோ ஒருவரை இன்றைக்கு வா, நாளைக்கு வா என்று அலையவிடுவதற்குப் பெயர் 'ரன்அரவுண்ட்'. அதற்கு 'இழுத்தடிப்பது' என்ற சொல் நம்மிடம் தயாராகவே இருக்கிறது.

இந்தக் கூட்டத்தில் தமிழோடு அழகாகப் பொருந்துவது 'ரன் பை'. 'லெட் மீ ரன் இட் பை ஹிம்' என்று மேலதிகாரியைப் பற்றிச் சொன்னால், 'அவர் காதிலும் ஒரு வார்த்தை போட்டு வைக்கிறேன்'. அனுமதி கேட்பதும் இல்லை, வெறும் தகவலும் இல்லை; இரண்டுக்கும் நடுவே உள்ள அந்த மரியாதை அப்படியே வந்துவிடுகிறது.

குட்டிச்சொல்லுக்குப் பதில் ஒரு பெயரடை வந்தால் ரன்னுக்குப் பொருள் 'ஆகு' என்று வைத்துக்கொள்ளலாம். 'ரன் டிரை' என்றால் கிணறு வற்றியது, 'ரன் ஷார்ட்' என்றால் தட்டுப்பாடு வந்தது, 'ரன் வைல்ட்' என்றால் கட்டுக்கு அடங்காமல் போனது. 'த ட்ரெயின் இஸ் ரன்னிங் லேட்' என்பதற்கு 'ரயில் தாமதமாக ஓடுகிறது' என்று அறிவிப்புப் பலகையில் எழுதுவார்கள். நடைமேடையில் நிற்பவர் யாரும் அப்படிப் பேசமாட்டார். 'வண்டி லேட்' என்பார். 'தாமதமாக வருகிறது' என்றால் போதும்.

செயப்படுபொருள் இருக்கிறதா?

பின்னால் குட்டிச்சொல் எதுவும் இல்லையென்றால் இரண்டாவது கேள்வி. தானாக ஓடுகிறதா, யாராவது ஓட வைக்கிறார்களா? ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே உருவம். 'த மோட்டார் ரன்ஸ்', 'ஹி ரன்ஸ் த மோட்டார்'. தமிழில் தன்வினைக்கும் பிறவினைக்கும் தனித்தனி உருவம் வேண்டும்: ஓடு–ஓட்டு, இயங்கு–இயக்கு, நட–நடத்து. எந்த இணையை எடுப்பது என்று முடிவு செய்யாமல் வாக்கியத்தைத் தொடங்கவே முடியாது.

பழைய ஆங்கிலத்திலும் இப்படி இரண்டு வினை இருந்தன. ஒன்று தானாக ஓடுவதற்கும் ஒழுகுவதற்கும், மற்றொன்று ஓட வைப்பதற்கு. காலப்போக்கில் இரண்டும் ஒன்றில் கரைந்து இன்றைய ரன் ஆயிற்று. உறவு மொழியான ஜெர்மனில் இன்னும் 'ரின்னன்' என்றால் ஒழுகுவது, 'ரென்னன்' என்றால் ஓடுவது. ஆங்கில ரன்னுக்கு மூக்கு ஒழுகுவதும் கால் ஓடுவதும் ஒன்றாகத் தெரிவதற்கு இந்தக் கலப்பும் ஒரு காரணம்.

பிறவினை என்று தெரிந்துவிட்டால், எதை என்று பாருங்கள். நிறுவனம், கடை, பள்ளி, நாடு என்றால் 'நடத்து'. 'ஓட்டு' வேண்டாம், தமிழில் கடையை ஓட்டுவதென்றால் தள்ளாடுவது, ஈ ஓட்டுவதென்றால் அதைவிட மோசம். மோட்டாருக்கும் கணினி நிரலுக்கும் 'இயக்கு'. பேச்சில் மோட்டாரைப் 'போடு' என்போம், நிரலை 'ரன் பண்ணு' என்போம். செயல்முறைக் கையேட்டில் 'இயக்கவும்' என்பதே உறுத்தாமல் இருக்கும். பரிசோதனை என்றால் 'செய்', செய்தி என்றால் 'வெளியிடு', விளம்பரம் என்றால் 'போடு', துப்பாக்கி என்றால் 'கடத்து', சிவப்பு விளக்கு என்றால் 'மீறு'. காய்ச்சல் என்றால் தமிழில் ஆள் எதுவும் செய்வதில்லை: 'ஷி இஸ் ரன்னிங் எ ஃபீவர்' என்றால் அவளுக்குக் காய்ச்சல் அடிக்கிறது.

வீட்டைப் பற்றி வரும்போது மட்டும் 'நடத்து' காலை வாரும். 'ஷி ரன்ஸ் த ஹவுஸ்ஹோல்ட்' என்பதை 'அவர் குடும்பம் நடத்துகிறார்' என்று எழுதினால், யாரோடு என்ற கேள்வி உடனே வரும். 'வீட்டுப் பொறுப்பு முழுக்க அவர் கையில்' என்று எழுதிவிடுங்கள்.

ஐயம் தீராவிட்டால் ஒரு சோதனை உண்டு. ரன்னை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மேனேஜ், ஒர்க், ஃப்ளோ, எக்ஸ்டெண்ட், பப்ளிஷ், லாஸ்ட் ஆகிய ஆறில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எது ஒட்டுகிறதோ அதைத் தமிழாக்குங்கள். ஆறும் ஒட்டவில்லை என்றால் அது மரபுத்தொடராக இருக்கும். அப்போது அகராதியைத் தவிர வேறு வழியில்லை.

தண்ணீர், மூக்கு, சாயம்

செயப்படுபொருளும் இல்லையென்றால் மூன்றாவது கேள்வி: ஓடுவது எது? ஒழுகும் பொருள்களில்தான் தமிழ் ஆங்கிலத்தைவிட நுட்பம். ஆங்கிலத்தில் ஆறும் ரன், மூக்கும் ரன், குழாயும் ரன், கண் மையும் ரன். தமிழில் ஆறு ஓடும், மூக்கு ஒழுகும், கண்ணில் நீர் வடியும், காகிதத்தில் மை ஊறும், எண்ணெய் வழியும். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் சிரிப்புதான் வரும். 'மூக்கு ஓடுகிறது' என்பதைப் பள்ளிப் பிள்ளைகள் கேலிக்கென்றே சொல்வார்கள்.

துணிப் பட்டையில் 'கலர்ஸ் மே ரன்' என்று இருந்தால் 'சாயம் போகலாம்' என்று எழுதுவது பாதி உண்மை. சாயம் போவதென்றால் வெளுத்துப்போவதும் ஆகும். ஆங்கிலம் எச்சரிப்பது மற்றத் துணியின் மேல் ஏறிவிடும் என்பதை. 'சாயம் இறங்கி மற்றத் துணியில் ஒட்டும். தனியாக நனைக்கவும்' என்று எழுதினால்தான் வெள்ளைச் சட்டை பிழைக்கும்.

'ரன்னிங் வாட்டர்' என்பதில் பிழை விட்டால் சிரிப்போடு போகாது. தீக்காயத்துக்கான முதலுதவிக் குறிப்புகளில் காயத்தைக் குளிர்ந்த 'ரன்னிங் வாட்டரில்' 20 நிமிடம் வைக்கச் சொல்வார்கள். 'ஓடும் நீரில்' என்று மொழிபெயர்த்தால் வாய்க்காலும் ஆறும் நினைவுக்கு வரும். சிலர் அதைத் தவிர்க்கப் பாத்திரத்துத் தண்ணீரில் கையை முக்குவார்கள். அந்தத் தண்ணீர் காயத்தின் சூட்டை வாங்கிக்கொண்டு தானும் சூடாகிவிடும். 'குழாயைத் திறந்துவிட்டு, விழும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டவும்' என்று எழுத வேண்டும். இதே சொல் வீட்டு வாடகை விளம்பரத்தில் வந்தால் பொருள் வேறு. குழாயில் தண்ணீர் வரும் வசதி இருக்கிறது என்பதே செய்தி.

நீரியலில் 'ரன்-ஆஃப்' என்றால் மண்ணில் இறங்காமல் வழிந்தோடும் மழைநீர். தேர்தல் செய்தியில் அதே 'ரன்-ஆஃப்' இரண்டாம் சுற்று வாக்கெடுப்பு. பிரான்ஸ் அதிபர் தேர்தலில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முதல் இருவருக்கும் இடையே இரண்டு வாரம் கழித்து நடப்பது அது. இலங்கையில் 2024 செப்டம்பரில் நடந்ததை இதே சொல்லால் குறிப்பது சரியாகாது. அங்கே மக்கள் மறுபடி வாக்களிக்கவில்லை. ஏற்கெனவே போட்ட சீட்டுகளில் இருந்த அடுத்த விருப்பு வாக்குகளைத்தான் எண்ணினார்கள்.

தேர்தலும் நீதிமன்றமும்

அமெரிக்க வேட்பாளர் தேர்தலுக்கு 'ரன்' செய்கிறார், பிரிட்டிஷ் வேட்பாளர் 'ஸ்டாண்ட்' செய்கிறார். தமிழில் நிற்கிறார். அமெரிக்கச் செய்தியை மொழிபெயர்க்கும்போது 'போட்டியிடுகிறார்' அல்லது 'நிற்கிறார்' என்றே எழுதுங்கள். 'அதிபர் பதவிக்கு ஓடுகிறார்' என்ற வரி கணினி மொழிபெயர்ப்பின் கைரேகை. 'ரன்னிங் மேட்' என்றால் துணை அதிபர் வேட்பாளர்.

நீதிமன்றச் செய்தியில் ரன் கண்டால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு முறை யோசியுங்கள். இரண்டு குற்றத்துக்கு ஏழு ஆண்டும் ஐந்து ஆண்டும் தண்டனை. 'டு ரன் கன்கரன்ட்லி' என்றால் ஏக காலத்தில் அனுபவிக்க வேண்டும்: மொத்தம் ஏழு ஆண்டு. 'டு ரன் கான்செக்யூட்டிவ்லி' என்றால் ஒன்றன்பின் ஒன்றாக: பன்னிரண்டு ஆண்டு. ரன் இரண்டிலும் ஒன்றுதான். பக்கத்துச் சொல்லைக் கோட்டை விட்டால் ஒரு மனிதனின் ஐந்து ஆண்டு தவறிப்போகும்.

ஒப்பந்தங்களில் 'ரன்ஸ் ஃபார் லெவன் மன்த்ஸ்' என்றால் 11 மாதம் செல்லுபடியாகும். நிலப் பத்திரத்தில் 'ரன்ஸ் வித் த லேண்ட்' என்ற தொடர் வந்தால், அந்தக் கட்டுப்பாடு விற்றவரோடு முடியாது. நிலம் யார் கைக்குப் போனாலும் கூடவே போகும். 'நிலத்துடன் ஓடும்' என்று எழுதிவைத்த மொழிபெயர்ப்பை வாங்குபவர் படித்து ஒன்றும் புரியாமல் கையெழுத்துப் போடுவதுதான் இதில் உள்ள ஆபத்து.

எங்கே ஓடவிடலாம்

இத்தனையும் படித்துவிட்டு 'ஓடு'வைக் கண்டு பயப்பட வேண்டாம். தமிழ் ஓட்டமும் சளைத்ததல்ல. படம் நூறு நாள் ஓடும், சுவரில் விரிசல் ஓடும், கடனுக்கு வட்டி ஓடும், வழக்கு வருடக்கணக்கில் ஓடும், மனத்தில் எண்ணம் ஓடும், வண்டி டீசலில் ஓடும். இங்கெல்லாம் ஆங்கிலமும் ரன் சொல்லும், தயங்காமல் ஓடவிடுங்கள். சாலைக்கு மட்டும் 'போகிறது' பொருத்தம்: 'ஆற்றை ஒட்டியே சாலை போகிறது'. குடும்பத்தில் வழிவழியாக வருவது 'ரன்ஸ் இன் த ஃபேமிலி'. நீரிழிவு என்றால் 'பரம்பரையாக வருவது', குரல் வளம் என்றால் 'குடும்ப வாகு'. மறுபக்கம், கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்பதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது ரன்னை அழைக்காதீர்கள்; வரவே வராது.

பெயர்ச்சொல்லாக வரும்போது

முன்னால் 'எ' அல்லது 'த' நின்றால் பெயர்ச்சொல். கிரிக்கெட் ரன்னை இலங்கைப் பத்திரிகைகள் 'ஓட்டம்' என்று எழுதும், தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் பெரும்பாலும் 'ரன்' என்றே விட்டுவிடும். எந்த ஊர் வாசகருக்கு எழுதுகிறோமோ அந்த வழக்கு. பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் யாரும் ஓடாமலே நான்கு ஓட்டம் கிடைப்பது தனி வேடிக்கை.

'ரன் ஆன் எ பேங்க்' என்றால் வங்கி திவாலாகிவிடும் என்ற பயத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்க முண்டியடிப்பது. 2023 மார்ச் 9 அன்று சிலிக்கான் வேலி வங்கியில் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க முயன்றார்கள். பெரும்பாலும் இணையம் வழியாகத்தான், வாசலில் ஓடியவர் குறைவு. இதற்குத் தமிழில் ஒற்றைச் சொல் தேடிப் படுத்த வேண்டாம், 'வைப்புகளை எடுக்க முண்டியடிப்பு' என்று விரித்தே சொல்லலாம்.

'ட்ரையல் ரன்' என்பதற்கு 'சோதனை ஓட்டம்' பரவிவிட்டது. புதுத் தேர் செய்தால் திருவிழாவுக்கு முன் இழுத்துப் பார்ப்பார்களே, அந்த 'வெள்ளோட்டம்' இதைவிடப் பழையது, அழகானது. புது ரயில் பாதைக்கும் அப்படியே பொருந்தும். 'இன் த லாங் ரன்' என்றால் 'போகப்போக' அல்லது 'நாளடைவில்'. 'நீண்ட ஓட்டத்தில்' என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். 'ஆன் த ரன்' தலைமறைவு. 'பிரின்ட் ரன்' ஒரு தடவையில் அச்சிட்ட படிகள். 'த ரன்ஸ்' என்று பன்மையில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் சொன்னால் பேதி.

கடையில் கேட்கும் ரன்னிங்

தமிழ்ப் பேச்சுக்குள் வந்துவிட்ட ரன்னிங்குகளும் கவனிக்க வேண்டியவை. புடவைக் கடையில் 'ரன்னிங் பிளவுஸ்' என்றால் ரவிக்கைத் துணி புடவையின் தொடர்ச்சியாகவே, அதே துணியில் வரும். வழக்கமாக ஐந்தரை மீட்டர் புடவையோடு சுமார் 80 சென்டிமீட்டர். வேறு நிறத்தில் வேண்டும் என்றால் 'கான்ட்ராஸ்ட்' என்று கேட்க வேண்டும். ரன்னிங் பிளவுஸை வெட்டாமல் கட்டினால் கொசுவம் பெருத்துவிடும்.

தச்சரும் கிரானைட் கடைக்காரரும் சொல்லும் 'ரன்னிங் ஃபீட்' நீளம் மட்டும். அகலம் கணக்கில் வராது. சமையல் மேடை 12 அடி நீளம், 2 அடி அகலம் என்றால் ரன்னிங் ஃபீட்டில் 12, சதுர அடியில் 24. ஒருவர் ரன்னிங் அடிக்கு 500 ரூபாய் என்கிறார், இன்னொருவர் சதுர அடிக்கு 300 என்கிறார். இரண்டாவது மலிவாகத் தெரியும். பெருக்கிப் பார்த்தால் முதலாமவர் 6,000, இரண்டாமவர் 7,200. விலை பேசும்போதே எந்த அடி என்று கேட்டு, ரசீதிலும் அதே சொல்லை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.